வீடா, வண்டியா? கேரவனோடு கடல் கடப்பவர்களின் எல்லைச் சோதனைகள்

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வீடு. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அடக்கம். வீடும் எஞ்சினும் ஒரே உடலாக இருந்தால் மோட்டார்ஹோம். தீவு நாடு என்பதால், இதை எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்கோ ஸ்பெயினுக்கோ போக நினைப்பவர் ஒன்று கப்பலில் ஏற்ற வேண்டும், அல்லது ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ஓடும் ரயிலில் ஏற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் எல்லைக் காவலர் முன் வந்து நிற்கும்போது ஒரு பழைய சட்டக் கேள்வி உயிர்பெறுகிறது. நிற்பது வீடா, வண்டியா?

வீடு என்றால் அதிகாரி நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. வண்டி என்றால் கதவைத் திறக்கச் சொன்னாலே போதும். பிரான்ஸின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்திலேயே வைத்திருக்கிறது. வசிப்பதற்கென்று அமைக்கப்பட்டு, உண்மையிலேயே இருப்பிடமாகப் பயன்படும் வண்டியைப் போலீஸ் சோதிப்பதானால், வீட்டுச் சோதனைக்கான விதிகளையே பின்பற்ற வேண்டும். இரண்டு வாரம் கடற்கரையில் கழிக்கப் போகிறவரின் கேரவன் 'உண்மையிலேயே இருப்பிடம்' ஆகுமா என்பது வக்கீல்களின் வாதத்துக்கு உரியது. அமெரிக்காவில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சான் டியேகோவில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார்ஹோமைப் போதைப்பொருள் சந்தேகத்தில் போலீஸ் ஆணையில்லாமல் சோதித்த வழக்கு அது. ஓடக்கூடியது எதுவோ அது வண்டிதான் என்று 1985இல் தீர்ப்பு வந்தது.

சுங்கத்துறைக்கு இந்தத் தயக்கமெல்லாம் எப்போதும் குறைவு. பிரெஞ்சு சுங்கச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆளையும் சரக்கையும் வண்டியையும் கிட்டத்தட்ட எங்கேயும் எப்போதும் சோதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. இவ்வளவு வரையறையற்ற அதிகாரம் செல்லாது என்று அந்நாட்டு அரசியல் சாசன மன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. 2023 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. உள்நாட்டில் கடிவாளம் போட்ட அந்தச் சட்டமும் துறைமுகத்திலும் எல்லைப் பகுதியிலும் கையை அகலமாகவே விட்டுவைத்திருக்கிறது.

ஆக, துறைமுக வாசலில் கேரவன் ஒரு வண்டி. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. கதவைத் திறக்கச் சொல்லும்போது அது வண்டி. சமையலறையில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது வீடு. உள்ளே ஒளிந்துவந்தவருக்காக அபராதம் போடும்போது லாரி. மூன்று துறைகளும் தத்தமக்கு வசதியான பெயரை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சோதனையையும் தனியாகப் பார்த்தால் ஏதாவது ஒரு நியாயம் தென்படும். அத்தனையும் ஒரே வரிசையில், ஒரே குடும்பத்தின் மேல் வந்து விழும்போதுதான் பொருத்தமின்மை தெரிகிறது.

முதலில் இடம். டோவர் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுத் துறைமுகமான கலேக்குப் போகிறவர் பிரெஞ்சு எல்லைப் போலீஸைப் பிரான்ஸில் சந்திப்பதில்லை, டோவரின் வெண்பாறைகளுக்குக் கீழே, இங்கிலாந்து மண்ணிலேயே சந்திக்கிறார். திரும்பும்போது பிரிட்டிஷ் எல்லைக் காவலர் கலேயிலேயே உட்கார்ந்திருப்பார். சுரங்க ரயிலுக்காக 1991இல் போட்ட சங்காத் ஒப்பந்தத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. 2003 பிப்ரவரியில் கையெழுத்தான லெ துக்கே உடன்படிக்கை இதைக் கப்பல் துறைமுகங்களுக்கும் நீட்டியது. இரு நாடுகளின் எல்லையும் கடலின் ஒரே கரையில் அடுத்தடுத்த ஜன்னல்களாகிவிட்டது. புறப்படும் முன்பே எல்லாம் முடிந்துவிடுவதால், எதிர்க்கரையில் இறங்கியதும் நேராகச் சாலையில் ஏறிவிடலாம். சுங்க அதிகாரி கைகாட்டி நிறுத்தினால் மட்டும் ஒதுங்க வேண்டும்.

இந்த வசதிக்கு டோவர் கொடுக்கும் விலை இடநெருக்கடி. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல். நடுவில் உள்ள நிலத்தில்தான் இரு நாட்டுச் சாவடிகளும், டிக்கெட் சாவடிகளும், கப்பலுக்குக் காத்திருக்கும் வரிசைகளும் அடங்க வேண்டும். 2022 ஜூலையில் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், பிரெஞ்சு ஜன்னல்களில் போதிய ஆளில்லை என்று துறைமுகம் நெருக்கடி நிலையே அறிவித்தது. கென்ட் மாவட்டச் சாலைகளில் கார்கள் மணிக்கணக்கில் நின்றன. காருக்குப் பின்னால் ஆறேழு மீட்டர் நீளத்துக்கு ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு அந்த வரிசையில் தடம் மாறுவது என்றால் என்ன என்பதை ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும். (கழிப்பறை கூடவே வருகிறது என்ற ஒரு ஆறுதல் உண்டு.)

மற்றத் துறைமுகங்களில் இந்த ஏற்பாடு கிடையாது. போர்ட்ஸ்மத்திலிருந்து பிரான்ஸின் கான், செயின்ட் மாலோ, ஸ்பெயினின் சாந்தாந்தர் போகும் நீண்ட தூரக் கப்பல்களிலும், ஹார்விச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹாலந்து முனைக்குப் போகும் கப்பலிலும் பழைய முறைதான். இறங்கிய கரையில் அந்த நாட்டின் சோதனை. இரவு முழுக்கப் பயணம் செய்து விடிகாலையில் வந்து இறங்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே சாவடிக்கு வரும். எந்தக் கப்பல் என்று தேர்ந்தெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ எந்தக் கரையில் காத்திருப்பது என்பதையும் தேர்ந்தெடுக்கிறார்.

லண்டனிலிருந்து பாரிஸின் லா ஷப்பேல் வட்டாரத்துக்குக் கல்யாணம், தேர்த்திருவிழா என்று வேனில் போய்வரும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த டோவர் வரிசை பழகியது. ஒரே வண்டிக்குள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்று, அகதிப் பயண ஆவணம் ஒன்று, விசா ஒட்டிய இலங்கைப் பாஸ்போர்ட் ஒன்று இருந்தால், ஜன்னலில் இருப்பவர் மூன்று சட்டங்களைப் பார்த்து முடிக்க வேண்டும். போதாததற்கு, பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணை, துறைமுகத்தில் எந்தச் சந்தேகமும் காட்டாமலே ஒருவரை நிறுத்தி ஆறு மணி நேரம் வரை விசாரிக்க அதிகாரம் தருகிறது. தொடக்கத்தில் அது ஒன்பது மணி நேரமாக இருந்தது. அயர்லாந்துக் குண்டுவெடிப்புக் காலத்துத் துறைமுகக் கெடுபிடிகளின் வாரிசு அது.

பாஸ்போர்ட் ஜன்னலைத் தாண்டினால் பாதுகாப்புச் சோதனை. அது குடிநுழைவுத்துறையின் வேலையல்ல, துறைமுகத்தின் வேலை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உலகக் கடல்சார் அமைப்பு வகுத்த பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் மூன்று எச்சரிக்கை நிலைகளை வைத்து, நிலை உயர உயரச் சோதிக்கும் வண்டிகளின் பங்கைக் கூட்டச் சொல்கிறது அது. விமான நிலையம்போல எல்லோருடைய பையும் எக்ஸ்ரேக்குள் போவதில்லை. சில வண்டிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். மறுக்கலாம், கப்பலில் ஏற முடியாது, அவ்வளவுதான்.

கேட்கும் கேள்வி, கத்தி இருக்கிறதா, ஆயுதம் ஏதும் உண்டா என்பது. சமையலறையையே இழுத்துக்கொண்டு வருகிறவரிடம் கத்தி இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? அதைச் சோதிப்பவரும் அறிவார். காய் நறுக்கும் கத்தி சமையல் இழுப்பறையில் இருந்தால் பேச்சில்லை, கார் இருக்கைக்கு அடியில் இருந்தால் பேச்சு உண்டு. உண்மையான சிக்கல் மிளகு ஸ்பிரேயில் இருக்கிறது. பிரான்ஸில் வயது வந்தவர் கடையில் வாங்கலாம். பிரிட்டனில் அது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதம். காட்டுப்பாதையில் தனியாகத் தங்க நேரும் என்று வாங்கிவைத்த குப்பி, கால்வாயைத் தாண்டியதும் குற்றமாகிவிடுகிறது.

அடுத்தது கேஸ். புரோப்பேன், பியூட்டேன் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல், அடைத்த வண்டித்தளத்தின் தரையில் தேங்கி நிற்கும். அதனால்தான் ரெகுலேட்டரை மட்டும் மூடாமல் சிலிண்டரின் தலைவால்வையே மூடச் சொல்கிறார்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜை அணைக்க மறந்தவர் கப்பலின் வயிற்றுக்குள் சிறு தீயை ஏற்றிவிட்டுப் போகிறார் என்று பொருள். சுரங்க ரயில்காரர்கள் ஒரு படி மேலே போய், சமையலுக்கான சிலிண்டரை அளவு வைத்து அனுமதித்தாலும், எஞ்சினே எல்.பி.ஜி.யில் ஓடும் வண்டியை ஏற்பதே இல்லை. இத்தனை சோதனைகளில் யாரும் குறை சொல்ல முடியாதது இதுதான். பயணிகள் அவசரத்தில் அதிகம் மறப்பதும் இதைத்தான்.

பிறகு நாள் கணக்கு. பிரிட்டன் விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியாட்கள். அதுவரை குளிர்காலம் முழுக்க ஸ்பெயின் கடற்கரையில் கேரவனை நிறுத்திக்கொண்டு ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்த ஓய்வூதியக்காரர்களுக்கு, தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் என்ற கணக்கு பேரிடியாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு ஒரு கடிகாரம், கேரவனுக்கு வேறொரு கடிகாரம். தற்காலிக இறக்குமதி விதிப்படி தனியார் வண்டி ஆறு மாதம் வரை வரியில்லாமல் தங்கலாம். வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் கிளம்பியாக வேண்டும், வீடு ஆறு மாதம் இருக்கலாம். ஸ்பெயினின் முகாம் மைதானத்தில் கேரவனை விட்டுவிட்டு விமானத்தில் போய்வரும் பழைய பழக்கம் இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது. ஆறு மாதம் தாண்டினால் கேரவன், சுங்கம் கட்டாத இறக்குமதிச் சரக்கு.

கேரவனின் அடையாளமும் விசித்திரமானது. பிரிட்டனில் அதற்கென்று தனிப் பதிவெண் கிடையாது, இழுக்கும் காரின் எண்ணையே பின்னால் மாட்டிக்கொள்கிறது. 1992 முதல் தயாரிப்பாளர்கள் பொறித்துவரும் 17 எழுத்து, எண்கள்தான் அதன் பிறப்புச் சான்று. தனி எண்ணும் பதிவுச் சான்றும் உள்ள கேரவன்களையே பார்த்துப் பழகிய ஜெர்மன் போலீஸுக்கு, இது யாருடையது என்று காட்டக் காகிதம் கேட்கத் தோன்றுவது இயல்பு.

முத்திரை குத்தி நாள் எண்ணும் காலமும் மறைகிறது. 2025 அக்டோபர் 12இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையைப் படிப்படியாகத் தொடங்கியது. முதல்முறை வருபவரின் நான்கு விரல்ரேகையும் முகப்படமும் பதிவாகும், 90 நாளைக் கணினியே எண்ணும். விமான நிலையத்தில் ஆட்கள் வரிசையில் நடந்து வருவார்கள். துறைமுகத்திலோ அவர்கள் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளையும் பெல்ட் மாட்டிய பாட்டியும் கருவிக்கு முகம் காட்டுவது எப்படி என்பதைத் தீர்க்காமலே விதி எழுதப்பட்டது. டோவர் தன் நெருக்கடியை அறிந்து, முதலில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் மட்டும் தொடங்கியது.

நாய்க்கும் ஒரு கடிகாரம் உண்டு. கேரவன்காரர்களில் நாயில்லாமல் புறப்படுபவர் குறைவு. ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்று வாங்க வேண்டும். அது நான்கு மாதம் செல்லும். திரும்பும்போது, பிரிட்டனை அடைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். விடுமுறையின் கடைசி வாரத்தை இந்த மருந்துதான் திட்டமிடுகிறது என்றால் மிகையில்லை.

ஃபிரிட்ஜின் கதை இன்னும் சுவையானது. 2021 ஜனவரியில், ஹாலந்து முனையில் இறங்கிய ஓட்டுநர்களிடமிருந்து டச்சு சுங்கத்தார் பன்றியிறைச்சி சாண்ட்விச்சைப் பறிமுதல் செய்த காட்சி தொலைக்காட்சியில் வந்து உலகமே சிரித்தது. இறைச்சியும் பாலும், அவற்றில் செய்தவையும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனியார் கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. பிரிட்டன் வெளியாள் ஆனதும் அது பிரிட்டனுக்கும் பொருந்தியது. நாய்க்கான இறைச்சி உணவும் அதில் அடக்கம். பதிலுக்குப் பதில் என்று சொல்ல முடியாது, ஆனாலும் 2025 ஏப்ரல் 12 முதல் எதிர்த்திசையிலும் தடை வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியிலும், மார்ச்சில் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் கோமாரி நோய் தென்பட்டதே காரணம். 2001இல் கோமாரியால் லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்று எரித்த நாடு பிரிட்டன், அதன் அச்சம் பொய்யில்லை. விளைவு, நார்மண்டியில் வாங்கிய கமம்பேர் சீஸை அங்கேயே தின்று தீர்த்துவிட்டுக் கப்பலேற வேண்டும். போகும்போதும் ஃபிரிட்ஜ் காலி, வரும்போதும் காலி. மதுவுக்கு மட்டும் தாராளம் மிச்சமிருக்கிறது. பிரிட்டனுக்குத் திரும்புபவர் 42 லிட்டர் பீரும் 18 லிட்டர் ஒயினும் வரியில்லாமல் கொண்டுவரலாம்.

மற்றக் கடல்களில் வேறு நியாயங்கள். ஸ்பெயினின் அல்ஹெசிராஸிலிருந்து மொராக்கோவின் தான்ஜியர் மெட் துறைமுகத்துக்கு, குளிர்காலத்தில் ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் ஏராளமாகப் போகின்றன. மொராக்கோ சுங்கம் வண்டியை ஓட்டுநரின் பெயரோடு கட்டிப்போடுகிறது. வண்டியை விட்டுவிட்டு அவர் நாட்டை விட்டுப் போக முடியாது. அனுமதியில்லாமல் டிரோன் கொண்டுபோனால் துறைமுகத்திலேயே பறிபோகும். வடக்கே, 1950களிலேயே பாஸ்போர்ட் இல்லாப் பயணத்தை ஏற்படுத்திக்கொண்ட நார்டிக் நாடுகளில் 2015 இறுதியிலிருந்து சோதனை திரும்பிவிட்டது. டென்மார்க்கிலிருந்து ஸ்வீடனுக்கு இருபது நிமிடக் கப்பல் பயணத்துக்கும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

ஏட்ரியாட்டிக் கடல்தான் கடைசி விஷயமான ஒளிந்துவருபவர் பிரச்சினைக்கு வழிகாட்டுகிறது. கிரேக்கத்தின் பத்ராஸ், இகுமெனிட்ஸா துறைமுகங்களிலிருந்து இத்தாலியின் அன்கோனாவுக்குப் போகும் சில கப்பல்களில், கோடையில் திறந்த தளத்தில் மோட்டார்ஹோமை நிறுத்தி அதிலேயே தூங்கலாம். இரு நாடுகளும் ஷெங்கனுக்குள் இருப்பவை, பாஸ்போர்ட் சோதனைக்கு இடமில்லை. ஆனாலும் துறைமுக வேலி உயர்ந்துகொண்டே போனது, அகதிகள் வண்டிகளுக்கு அடியில் ஒளிந்து ஏறுகிறார்கள் என்பதால். பிடிபட்டவர்களை இத்தாலி அதே கப்பலின் தலைவரிடம் ஒப்படைத்துத் திருப்பி அனுப்பியது. அது கூட்டு வெளியேற்றம், மனித உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 அக்டோபரில் ஷரீஃபி வழக்கில் சொன்னது.

கால்வாயில் இதே பிரச்சினைக்கு பிரிட்டன் வேறு வழி கண்டது. ஒளிந்துவந்தவரைப் பிடிக்கும் பொறுப்பை வண்டிக்காரர் தலையில் வைத்தது. 1999ஆம் ஆண்டுக் குடிநுழைவு மற்றும் தஞ்சச் சட்டத்தின்படி, வண்டியில் ஒளிந்துவந்த ஒவ்வொருவருக்கும் 2,000 பவுண்டு அபராதம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்தில், அந்த ஜூனில், தக்காளி ஏற்றிய லாரிக்குள் 58 சீனர்கள் மூச்சுத்திணறி இறந்துகிடந்ததை டோவரில் கண்டார்கள். சட்டத்தின் தேவைக்கு அதைவிடக் கொடூரமான சாட்சி இருக்க முடியாது. அப்படி இருந்தும், மொத்தப் பழியையும் முன்கூட்டியே ஓட்டுநர் மேல் போட்டுத் தொகையையும் நிரந்தரமாக்குவது நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் ராத் வழக்கில் தீர்ப்பளித்தது. விதி திருத்தப்பட்டது, கைவிடப்படவில்லை. 2019 அக்டோபரில் எசெக்ஸில் ஒரு டிரெய்லருக்குள் 39 வியட்நாமியர்கள் இறந்துகிடந்தார்கள். 2022இன் குடியுரிமை மற்றும் எல்லைச் சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. 2023 பிப்ரவரியில் அபராதத்தின் உச்சவரம்பு ஆளுக்கு 10,000 பவுண்டு ஆனது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். துறைமுக வேலிகள் இறுகியதால் 2018 முதலே ஆட்கள் ரப்பர் படகுகளுக்கு மாறிவிட்டார்கள். 2022இல் மட்டும் 45,000க்கும் மேற்பட்டோர் அப்படிக் கடந்தார்கள். வழி கடலுக்கு மாறிய பிறகு, வண்டிக்காரரின் அபராதத்தை ஐந்து மடங்காக்கினார்கள். படகுக்காரர்களைப் பிடிக்க முடியாத ஆத்திரம் பிடிபடக்கூடியவர்கள் மேல் திரும்பியது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

லாரி நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. முத்திரைக்கம்பி, சரிபார்ப்புப் பட்டியல், பயிற்சி பெற்ற ஓட்டுநர் எல்லாம் நிறுவனத்திடம் எதிர்பார்க்கலாம். ஆனால் சட்டத்தின் சொற்களில் காரும் வரும், இழுத்துவரும் டிரெய்லரும் வரும். கலேயில் அரசிடம் மோப்ப நாய் இருக்கிறது, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் குழாய் இருக்கிறது, எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியின் சட்டகத்தில் ஒட்டினால் உள்ளே துடிக்கும் இதயத்தைக் கேட்கும் கருவி இருக்கிறது. கேரவன்காரரிடம் ஒரு டார்ச் விளக்கு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில், கழிப்பறையில், துணி அலமாரியில் பார்க்கலாம். வெளியே சைக்கிள் தாங்கியின் உறையைப் பார்க்கத் தோன்றுமா?

2024 அக்டோபரில் பிரான்ஸிலிருந்து மோட்டார்ஹோமில் எசெக்ஸிலுள்ள வீட்டுக்குத் திரும்பிய ஒரு தம்பதிக்குத் தோன்றவில்லை. வீட்டு வாசலில் சைக்கிள் உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு இளைஞர் இருந்தார். அவர்களே போலீஸை அழைத்தார்கள். சில மாதம் கழித்து 1,500 பவுண்டு அபராத அறிவிப்பு வந்தது, செய்தித்தாள்களில் பெரிதான பிறகு அது ரத்தானது. அரசின் கருவிகளையும் நாய்களையும் தாண்டிவிட்ட ஒருவரை டார்ச்சில் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் குற்றம். போலீஸை அழைக்காமல் இளைஞரைத் தெருமுனையில் போகவிட்டிருந்தால் அபராதம் வந்திருக்காது. தகவல் சொல்பவரைத் தண்டிக்கும் விதி, அடுத்தமுறை தகவலே வராமல் பார்த்துக்கொள்கிறது. எல்லைக் காவலுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

மாற்றம் கடினமானதும் அல்ல. கலேயில் கேரவன், மோட்டார்ஹோம் ஓட்டுநர்கள் தாமாகவே கேட்டு நாயையும் கருவியையும் வைத்துச் சோதித்துக்கொள்ள ஒரு தடம் ஒதுக்கலாம். அதில் போய்வந்ததற்குத் தேதியும் நேரமும் குறித்த சீட்டு கொடுத்தால், அதன் பிறகு யார் ஏறினாலும் பொறுப்பு துறைமுகத்துடையது. வீட்டுக்குப் போன பிறகு ஆளைக் கண்டு தாமே தெரிவிக்கும் தனியார் பயணிக்கு அபராதம் இல்லை என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கலாம். அந்த வரி வரும்வரை, கலே துறைமுகத்துக்குக் கடைசி நூறு மைலில் எங்கும் இரவு நிறுத்தாதீர்கள், சைக்கிள் உறையைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள் என்பதுதான் கேரவன்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடிய புத்தி.